நோயுறுவது யார்?

உடலில் ஒரு நோய் வந்தால், "எனக்குக் காய்ச்சல்", "அவருக்குச் சர்க்கரை" என்கிறோம். நோய் வேறு, நோயுற்றவர் வேறு என்ற தெளிவு அந்தப் பேச்சிலேயே அமைந்திருக்கிறது. மனம் நோயுற்றவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் நம் மொழி மாறிவிடுகிறது. "அவன் பைத்தியம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். நோயும் மனிதனும் அங்கே ஒன்றாகிவிடுகின்றனர். அந்த மனிதன் மகனாக இருந்ததும், கல்லூரியில் முதல் வகுப்பில் தேறியதும், பாட்டியின் கையைப் பிடித்துக் கோயிலுக்கு அழைத்துச் சென்றதும் அந்த ஒரு சொல்லின் அடியில் புதைந்துவிடுகின்றன.

வேதாந்தம் பயில்கின்ற நமக்கு இது வெறும் சொற்பிழை ஆகாது. தத்துவப் பிழையே ஆகும். மனத்தை நம் ஆசாரியர்கள் அந்தக்கரணம் என்று அழைத்தனர். கரணம் என்றால் கருவி. கண் புறக்கருவி, மனம் அகக்கருவி. கண்ணில் புரை விழுந்தால் உலகம் மங்கலாகத் தெரிகிறது; ஆனால் காண்பவன் மங்கிவிடுவதில்லை. அவ்வாறே மனத்தில் பழுது நேர்ந்தால், இல்லாத குரல் கேட்கிறது. காரணமின்றி அச்சம் எழுகிறது. எழுந்து குளிப்பதற்கும் இயலாதபடி ஒரு பாரம் அழுத்துகிறது. அந்தக் குரலையும் அச்சத்தையும் பாரத்தையும் எந்த ஒளியில் அவர் அறிகிறாரோ அந்த ஒளியில் பழுதில்லை.

இதை நாம் சத்சங்கங்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். கேட்ட உண்மை நம் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்திருக்கிறதா என்பதே கேள்வி.

வாசலுக்குள் நிற்கும் துயரம்

திருவனந்தபுரத்தில் கோட்டைப் பகுதியை அடுத்துள்ளது ஸ்ரீவராகம். இலட்சுமி வராகர் கோயிலும் அதன் பெரிய குளமுமே இவ்விடத்தின் அடையாளம். கோட்டையைச் சூழ்ந்த இப்பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. சுவரோடு சுவர் ஒட்டிய பழைய வீடுகளில் ஒருவர் உரக்கப் பேசினால் அடுத்த வீட்டாருக்குக் கேட்கும். அத்தகைய வீடுகளில் ஒரு பிள்ளைக்கோ பெண்ணுக்கோ மனநோய் வந்துவிட்டால், குடும்பம் முதலில் செய்வது சன்னல்களைச் சாத்துவதுதான்.

இதே நகரில், பேரூர்க்கடையை அடுத்த ஊளம்பாறையில், 1870-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசின் காலத்தில் தோன்றிய மனநல மருத்துவமனை இருக்கிறது. ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் அது இயங்கி வருகிறது. ஆயினும் அந்த இடத்தின் பெயரையே மக்கள் கேலிச் சொல்லாக்கிவிட்டனர். யாராவது சற்றுத் தடுமாறிப் பேசினால் "ஊளம்பாறைக்கு அனுப்ப வேண்டும்" என்கின்றனர். சென்னைவாசிகளுக்கு இதே பொருளில் கீழ்ப்பாக்கம் பயன்படுகிறது. சிகிச்சை தரும் இடத்தின் பெயரே வசையாகிவிட்ட ஊரில் சிகிச்சைக்குப் போக யாருக்குத் துணிவு வரும்?

மனச்சிதைவு நோய் பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலும் இருபதுகளிலும் தலைகாட்டுகிறது. படிப்பு முடியும் காலம்; வேலை தேடும் காலம்; வீட்டில் திருமணப் பேச்சு எழும் காலம். "தங்கைக்குத் திருமணம் ஆகும் வரை வெளியில் தெரிய வேண்டாம்" என்று பெற்றோர் ஒத்திப்போடுகின்றனர். அப்படிக் கடக்கும் மாதங்களும் ஆண்டுகளுமே நோயை வேரூன்றச் செய்பவை. பெங்களூரிலுள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ், கேரளமும் தமிழகமும் உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015-16-இல் ஆய்வு நடத்தியது. வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு வகை மனநலக் குறைவோடு வாழ்வதை அது கண்டது. நோயின் வகைக்கேற்ப, சிகிச்சை பெறாதவர்கள் நூற்றுக்கு 70 முதல் 92 வரை இருந்தனர். மருத்துவமனைகளின் போதாமையும் செலவும் அதற்குக் காரணங்கள். வெட்கமும் ஒரு காரணம்.

வெட்கம் எங்கிருந்து வருகிறது? மனமே மனிதன் என்று நாம் நம்புவதிலிருந்து வருகிறது. மனம் கருவி என்பதை உண்மையிலேயே ஏற்றவருக்கு, மூக்குக் கண்ணாடி அணிவதில் எவ்வளவு வெட்கமோ அவ்வளவு வெட்கம்தான் மனநல மருத்துவரைக் காண்பதிலும் இருக்க முடியும்.

மருந்தும் பிரார்த்தனையும்

பக்தர்கள் சிலர் ஒரு தயக்கத்தைச் சொல்வதுண்டு: "மாத்திரை தின்பது இறைநம்பிக்கையின் குறை அல்லவா? ஜபத்தாலும் தியானத்தாலும் சரியாகாதா?"

இத்தயக்கத்திற்கு நம் நாட்டு வரலாறே விடை சொல்கிறது. சித்தப் பிரமைக்குச் சர்ப்பகந்தா என்னும் மூலிகையைக் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக இருந்தது. 1931-இல் வங்காளத்தைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர், மனநோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் அம்மூலிகை பயன்படுவதை மருத்துவ இதழில் எழுதினர். பின்னர் அதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பின், 1950களில் மேலைநாட்டு மனநல மருத்துவமனைகளில் பயன்பட்டது. அதே காலத்தில், 1952-இல், பாரிசில் குளோர்ப்ரோமசின் என்ற மருந்து மனநோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. மனநோய்க்கான நவீன மருந்துகளின் வரலாறு அதிலிருந்து தொடங்குகிறது. மூலிகையிலிருந்து வந்தால் என்ன, ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தால் என்ன? கருவியைச் செப்பனிடும் பொருள் எதுவாயினும் அது பிரசாதமே.

பிரார்த்தனைக்கும் திருக்கோயிலுக்கும் இதில் இடம் இல்லையா? உண்டு. திருச்சிராப்பள்ளியை அடுத்த குணசீலம் பிரசன்ன வேங்கடாசலபதி சன்னதிக்கு மனநலம் வேண்டி 48 நாள் தங்கி வழிபட வருகிறவர்கள் பலர். தமிழகத்தில் முத்துசுவாமி கோயில் ஒன்றில் தங்கிய 31 பேரை நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் கவனித்து, 2002-இல் பிரிட்டனின் மருத்துவ இதழில் கட்டுரை எழுதினர். அவர்கள் சராசரியாக ஆறு வாரங்கள் உறவினரோடு தங்கினர். கோயில் பணிகளில் ஈடுபட்டனர். அவர்களை யாரும் கட்டவில்லை, அடிக்கவில்லை. நோயின் அறிகுறிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. அச்சுறுத்தலில்லாத, ஆதரவான அந்தச் சூழலையே ஆய்வாளர்கள் காரணமாகச் சுட்டினர். ஐந்தில் ஒரு பங்கு என்பது சிறியதன்று; முழுமையும் அன்று. கோயில் தந்த அமைதியோடு மருத்துவரின் சிகிச்சையும் சேர்வதே அறிவுடைமை.

இதன் மறுபக்கத்தையும் மறக்கலாகாது. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகையில் தீப்பற்றியது. அங்கிருந்த நோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். நாடு அதிர்ந்தது, உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட உறவினர்களில் பெரும்பாலோர் கொடியவர்கள் அல்லர். வழி தெரியாமல், கையில் பணமில்லாமல், தெய்வம் காக்கும் என்று நம்பி விட்டுச் சென்ற ஏழைகள். நம்பிக்கை தூயதாக இருக்கலாம். நாம் நம்பி ஒப்படைக்கும் இடத்தில் நம் பிள்ளை எப்படி நடத்தப்படுகிறான் என்று பார்க்கும் கடமையை அந்த நம்பிக்கை நீக்கிவிடாது.

சாதகர்களுக்கு இங்கே ஒரு வேண்டுகோள். மருத்துவர் சொன்ன மருந்தை நிறுத்தும்படி எவருக்கும் அறிவுரை கூறாதீர்கள். தீவிர மனநோயில் இருப்பவரை நீண்ட மௌனத்திலோ கடும் தியானத்திலோ கடுமையான உபவாசத்திலோ ஈடுபடுத்தாதீர்கள். உடைந்த காலுடன் மலையேறச் சொல்வதற்கு அது ஒப்பாகும். "நீ மனம் அல்ல, சாட்சி, மனத்தை அடக்கு" என்று அவருக்கு உபதேசிப்பதும் வேண்டாம். சாட்சித் தத்துவம் முதலில் நமக்கானது. அவரை அவருடைய நோயாகப் பாராதிருக்கும் பயிற்சியை அது நமக்குத் தர வேண்டும்.

குடும்பம் என்னும் மருந்து

மேலைநாடுகளில் மனநல விடுதிகள் எழுந்த காலத்தில் நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்துவைப்பதே முறையாக இருந்தது. ஆங்கிலேயர் வழியாக நமக்கும் அதுவே வந்தது. அதை மாற்றிக் காட்டியவர்களில் ஒருவர் டாக்டர் வித்யா சாகர். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் பொறுப்பில் இருந்த அவர், வளாகத்தில் கூடாரங்களை அமைத்து, நோயாளியுடன் உறவினர்களையும் தங்கச் செய்தார். தாயும் மனைவியும் அருகிலிருந்து நோயின் போக்கைக் கண்டனர். பிற குடும்பத்தாரிடம் தங்கள் துயரைச் சொல்லிப் பகிர்ந்துகொண்டனர். நோயாளி தேறுவதைத் தங்கள் கண்ணாலேயே பார்த்தனர். 1950களின் பிற்பகுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்திலும் உறவினர் உடன் தங்குவது சிகிச்சையின் ஒரு பகுதியாயிற்று. இன்று பல நாட்டவரும் பாராட்டும் இம்முறை நம் கூட்டுக் குடும்ப மண்ணில் முளைத்தது.

எனினும் குடும்பம் அருகில் இருப்பது மட்டும் போதாது. எப்படி இருக்கிறது என்பதும் முக்கியம். 1950களின் இறுதியில் இலண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளர் மருத்துவமனையிலிருந்து திரும்பிய மனச்சிதைவு நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார். பெற்றோரிடமோ வாழ்க்கைத் துணையிடமோ திரும்பியவர்கள், வாடகை விடுதிகளில் தங்கியவர்களைக் காட்டிலும் அதிகமாக மீண்டும் நோயுறுவதைக் கண்டு வியந்தார். மேலும் ஆராய்ந்தபோது மூன்று செய்திகள் புலப்பட்டன. இடைவிடாது குறை கூறுதல், பகைமை காட்டுதல், அளவுக்கு மீறிய பற்றுடன் ஒவ்வொரு அசைவையும் கண்காணித்து உருகுதல் ஆகிய மூன்றும் மிகுந்த வீடுகளிலேயே நோய் அதிகமாகத் திரும்பியது. குடும்பத்தார் நோயை உண்டாக்கினர் என்பது இதன் பொருளன்று. எந்தத் தாயும் அப்படித் தன்னை நொந்துகொள்ள வேண்டியதில்லை. ஆறிவரும் புண்ணை எப்படித் தொட வேண்டும் என்பதையே அந்த ஆய்வு கற்றுத்தருகிறது.

முதல் இரண்டும் தீமை என்பது எளிதில் விளங்கும். மூன்றாவதே நம்மைச் சிந்திக்க வைக்கிறது. பற்று மிகுந்த அன்பும் நோயாளிக்குப் பாரமாகக் கூடும். "நான் உனக்காக என் உயிரையே விட்டுக்கொண்டிருக்கிறேன்" என்று தாய் அழும்போது, மகன் தன் நோயையும் தாயின் கண்ணீரையும் சேர்த்துச் சுமக்கிறான். பற்றற்றுக் கடமை செய்தல், பலனில் உரிமை கோராதிருத்தல், வெற்றி தோல்விகளில் சமநிலை ஆகியவற்றைக் கீதையில் படித்துவிட்டு, துறவிகளுக்கு உரியவை என்று ஒதுக்கிவைத்திருந்தோம். அவை நோயாளி இருக்கும் வீட்டின் அன்றாடத் தேவைகள் என்று தெரிகிறது. மருந்தை நேரத்திற்குக் கொடுப்பது, அமைதியான குரலில் பேசுவது, இன்று குளிக்க மறுத்தால் நாளை மீண்டும் சொல்வது, தேறினால் துள்ளாமலும் தாழ்ந்தால் இடியாமலும் இருப்பது என இதைவிடச் சிறந்த கர்மயோகக் களம் எங்கே கிடைக்கும்?

உண்மையும் இரக்கமும் மோதும் இடம்

இத்தகைய வீடுகளில் ஒரு தர்மசங்கடம் அடிக்கடி எழுகிறது. மகன் மருந்தை மறுக்கிறான். தனக்கு நோயே இல்லை என்கிறான். தாய் மாத்திரையைப் பொடித்துக் காப்பியில் கலந்து கொடுக்கிறாள். அவளைக் குற்றவாளி என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? அவள் நோக்கம் அவனுடைய நலம். ஆயினும் அதற்கு ஒரு விலை உண்டு. தன்னைச் சுற்றிச் சதி நடக்கிறது என்று அஞ்சுவதே அவனுடைய நோயாக இருக்கும்போது, ஒரு நாள் உண்மை தெரிந்தால் அந்த அச்சம் மெய்யாகிவிடுகிறது. அதன்பின் அவன் அம்மா கையால் சோறும் உண்ண மாட்டான்.

நலம் செய்யும் உண்மையை இனிமையாகப் பேசுவதே வாக்கின் தவம் என்று நம் மரபு கூறுகிறது. இங்கே அதன் பொருள் என்ன? வாதாடாமலும் பொய் சொல்லாமலும் இருக்க வழி உண்டு. "உனக்குக் கேட்கும் குரல் எனக்குக் கேட்கவில்லை, ஆனால் அது உன்னை எவ்வளவு வதைக்கிறது என்று தெரிகிறது. தூக்கம் வரவாவது மருத்துவரைப் பார்ப்போமா?" என்று கேட்கலாம். மாதம் ஒருமுறை போடும் ஊசி போன்ற மாற்று வழிகளை மருத்துவரிடம் கேட்கலாம். நெருக்கடியில் மறைத்துக் கொடுக்க நேர்ந்தவர்கள், அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி, மகன் தெளிவு பெற்றதும் அவனிடமும் தக்க நேரத்தில் சொல்வதே நன்று. சம்மதத்தைப் பெறும் முயற்சியை மட்டும் கைவிடக் கூடாது. ஏனெனில் சம்மதம் கேட்பது, "நீ ஓர் ஆள், உன் சொல்லுக்கு இவ்வீட்டில் மதிப்பு உண்டு" என்று கூறுவதாகும்.

2017-இல் இயற்றப்பட்டு 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டமும் இந்த மதிப்பையே அடிப்படையாகக் கொண்டுள்ளது. சங்கிலியால் பிணைப்பதை அது அடியோடு தடை செய்கிறது. தெளிவாக இருக்கும் காலத்திலேயே, "எனக்கு நோய் முற்றினால் இந்தச் சிகிச்சை வேண்டும், இது வேண்டாம்" என்று முன்கூட்டி எழுதிவைக்கவும், தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் நோயாளிக்கு உரிமை தருகிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதி, தண்டிப்பதற்குப் பதிலாகக் காக்க வேண்டும் என்கிறது.

வினைப்பயனா?

"எந்தப் பிறவியில் செய்த பாவமோ!" என்று அண்டை வீட்டார் சொல்லும் சொல், சங்கிலியைவிடக் கனமானது. கர்மக் கொள்கையை நாம் ஏற்கிறோம். அது என் வாழ்வை நான் பொறுப்புடன் நோக்குவதற்காகத் தரப்பட்ட விளக்கு. பிறர் துன்பத்தின்மீது தீர்ப்பு எழுதும் கோல் அன்று. அவருடைய வினை எதுவென்று நாம் அறியோம். அவர் துன்பத்தைக் கண்டபின் நாம் செய்வது எதுவோ அது நம் வினை; அதன் பயன் நமக்குரியது.

ஸ்ரீவராகத்துப் பெருமானின் கதையை எண்ணிப் பார்ப்போம். பூமிதேவி வெள்ளத்தில் ஆழ்ந்துவிட்டாள். பெருமான் அவளை மீட்கப் பன்றி வடிவம் எடுத்தார். சேற்றுக்கு அஞ்சாத வடிவம் அது. மூழ்கியதற்கு அவளே காரணமா என்று கரையில் நின்று விசாரிக்கவில்லை, உள்ளே இறங்கினார், தூக்கினார், அவளுக்குரிய இடத்தில் மீண்டும் நிலைபெறச் செய்தார். நிலைபெறச் செய்தல் என்பதை நாம் ஊன்றி நோக்க வேண்டும். நோயுற்றவரை வெள்ளத்திலிருந்து தூக்குவதோடு பணி முடிவதில்லை. வீட்டிலும் வேலையிலும் கோயில் திருவிழாவிலும் அவருக்குரிய இடத்தை அவருக்குத் திருப்பித் தருவதும் நம் பணியே.

பேணுகிறவரைப் பேணுவது யார்?

எழுபது வயதுத் தந்தை, நாற்பது வயது மகனைப் பார்த்து, "எனக்குப் பின் இவனுக்கு யார்?" என்று இரவில் விழித்திருக்கிறார். அந்தக் கேள்விக்குத் தத்துவம் மட்டும் விடையாகாது. கூடி நிற்கும் மனிதர்கள் வேண்டும். மங்களூரில் பிறந்து, இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவராக விளங்கிய டாக்டர் சாரதா மேனன், கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையைப் பல்லாண்டுகள் நிர்வகித்தபின், 1984-இல் சென்னையில் 'ஸ்கார்ப்' என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். நோயாளிகளுக்கு மருந்தோடு தொழிலும் மதிப்பும் வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் கொள்கை. 2021-இல், 98-ஆம் வயதில், அவர் மறைந்தார். சென்னையிலேயே நோயாளிகளின் குடும்பத்தார் ஒன்றுகூடி 'ஆஷா' என்ற அமைப்பைத் தங்களுக்காகத் தாங்களே நடத்தினர். ஒரே துயரைச் சுமப்பவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்வதே பாதிச் சுமையைக் குறைக்கும்.

பேணுகிறவர் தம் உறக்கத்தையும் உணவையும் ஒரு வேளைப் பிரார்த்தனையையும் காத்துக்கொள்வது தன்னலம் ஆகாது. விளக்குக்கு எண்ணெய் வார்ப்பது போன்றது அது. சில வேளைகளில் சலிப்பும் கோபமும் எழும். அவையும் மனத்தின் அலைகளே. அவற்றுக்காக நாணி ஒளிய வேண்டாம். "இன்று என்னால் முடியவில்லை, ஒரு மணி நேரம் நீ பார்த்துக்கொள்" என்று உடன்பிறந்தாரிடம் கேட்பதும் ஒரு பணிவே. நோயுற்றவர் உயிரை மாய்த்துக்கொள்வதைப் பற்றிப் பேசினால், அதை வெறும் மிரட்டல் என்று தள்ளாமல், தனியே விடாமல், உடனே மருத்துவ உதவியை நாட வேண்டும். 2022 அக்டோபர் முதல் நாடெங்கும் செயல்படும் 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம். தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

நம் சத்சங்கங்களுக்கும் பணி உண்டு. அத்தகைய குடும்பம் ஒன்று கூட்டத்திற்கு வருவதை நிறுத்திவிட்டால், ஏன் என்று விசாரித்து ஒருவர் செல்லலாம். அறிவுரை வேண்டாம், பரிகாரப் பட்டியல் வேண்டாம். அரைமணி நேரம் உடனிருந்துவிட்டு வந்தாலே போதும். நோயுற்றவரிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். அவருடைய தாயிடம், "இப்போது எப்படி இருக்கிறான்?" என்று கேட்பதைவிட, அவர் பக்கம் திரும்பி, அவர் பெயரைச் சொல்லி, "எப்படி இருக்கிறீர்கள்?" என்று அவரையே கேளுங்கள். விடை உடனே வராமல் போகலாம், பொறுத்திருங்கள். கருவி கலங்கியிருக்கிறது. உங்கள் கேள்வியைக் கேட்பவர் உள்ளே இருக்கிறார்.